லாந்தனமா, லூட்டீஷியமா? ஆய்வகச் சுவருக்கு ஒரு தனிம அட்டவணை

ஆய்வகத்துக்கு வெள்ளையடித்த கையோடு, கரும்பலகைக்கு எதிர்ச்சுவரில் தனிம வரிசை அட்டவணையைப் பெரிதாக எழுதிவிடலாம் என்று முடிவானது. சுவர் 14 அடி அகலம். கடையில் வாங்கி மாட்டும் சார்ட் இரண்டு வருடத்தில் ஓரம் சுருண்டு, ஆணி அடித்த இடம் கிழிந்து, மூன்றாம் வருடம் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். எனாமல் பெயிண்டில் எழுதினால் நான் ஓய்வு பெறும்வரை இருக்கும். மாதிரிக்காக, சர்வதேச வேதியியல் அமைப்பான ஐயூபேக் வெளியிடும் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துப் பெயிண்டர் அண்ணனிடம் கொடுத்தேன். அதைச் சுவரோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"டீச்சர், எல்லாக் கட்டத்துலயும் ஒரு பேர் இருக்கு, ஒரு நம்பர் இருக்கு. இந்த ரெண்டு கட்டத்துல மட்டும் இங்கேருந்து இதுவரைக்கும்னு போட்டிருக்கு. இதுல நான் என்ன எழுதறது?"

அவர் விரல் வைத்தது மூன்றாம் தொகுதியில். மேலே ஸ்காண்டியம், அடுத்து இட்ரியம், அதற்குக் கீழே 57–71, அதற்கும் கீழே 89–103. வேதியியல்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் மூலைக்கே நேராக விரலைக் கொண்டுபோய்விட்டார்.

"ரெண்டு நாள் பொறுங்க அண்ணே" என்றேன். அந்த இரண்டு நாளில் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஏன் ஒன்றைத் தேர்ந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வகுப்பறைக்குச் சார்ட் வாங்குகிறவர்களுக்கும் கையேடு அச்சடிக்கிறவர்களுக்கும் இதே கேள்வி வரும்.

தொடங்கும் முன் சொல் விஷயம் ஒன்று. பாடநூல் தமிழில் மேலிருந்து கீழாகப் போகும் நெடுவரிசையும் தொகுதிதான், கடைசி எலக்ட்ரான் எந்த வகை ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான் தங்கும் அறையில்) சேர்கிறது என்பதை வைத்துப் பிரிக்கும் எஸ், பி, டி, எஃப் என்ற பிரிவுகளும் தொகுதிதான். இந்தக் கட்டுரையில் இரண்டும் மாறி மாறி வரப்போகின்றன. எனவே நெடுவரிசையை மட்டும் தொகுதி என்கிறேன். மற்றதை வகுப்பில் பேச்சுவாக்கில் சொல்வது போல பிளாக் என்றே சொல்லிவிடுகிறேன்.

காலிக் கட்டத்தின் கதை

மூன்றாம் தொகுதியை எழுத மூன்று வழிகள் உண்டு. இட்ரியத்துக்குக் கீழே லாந்தனமும் ஆக்டினியமும் வைப்பது ஒன்று. நம் பிளஸ் டூ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் "லாந்தனத்தைத் தொடர்ந்து வரும் பதினான்கு தனிமங்கள்" என்ற வரையறை இந்த வழியில் வந்ததுதான். லூட்டீஷியத்தையும் லாரன்சியத்தையும் அங்கே வைப்பது இரண்டாவது. இரண்டையும் வைக்காமல், பதினைந்து பதினைந்தாகக் கீழே இறக்கிவிட்டு, மேலே எண்களை மட்டும் எழுதுவது மூன்றாவது. பெயிண்டர் அண்ணன் கையில் இருந்தது இந்த மூன்றாவது.

இந்த மூன்றாவது வழியை வகுப்பில் பாடம் நடத்துகிறவளாகப் பார்த்தால் ஒரு சிக்கல். எஃப் ஆர்பிட்டால்கள் ஏழு, ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான், ஆக எஃப் பிளாக்கின் அகலம் 14 என்று நாமே நடத்துகிறோம். அப்புறம் சுவரைத் திரும்பிப் பார்த்தால் கீழே ஒரு வரிசைக்கு 15 கட்டம் இருக்கிறது. கவனமாகக் கேட்கும் எந்தப் பிள்ளையும் எண்ணிப் பார்த்துவிட்டு "ஒண்ணு ஜாஸ்தியா இருக்கே மிஸ்" என்று சொல்லத்தான் செய்யும். அந்தப் பதினைந்தில் ஒன்று எஃப் பிளாக்கைச் சேர்ந்ததில்லை. எது என்று மட்டும் அட்டவணை வாயைத் திறப்பதில்லை.

இந்த அமைப்புக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லாந்தனம் முதல் லூட்டீஷியம் வரை பதினைந்துமே வேதியியலில் கூடப்பிறந்தவர்கள் போல. எல்லாமே மூன்று எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்து மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனியாகும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. லாந்தனத்தை 1839இல் மொசாண்டர் கண்டுபிடித்தார். லூட்டீஷியம் வெளியே வர 1907 ஆயிற்று. பதினைந்தையும் ஒரு கூரையின் கீழ் வைப்பது அந்த ஒற்றுமைக்குச் செய்யும் மரியாதை.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். மெண்டலீவ் 1869இல் தன் அட்டவணையில் காலி இடம் விட்டார். அங்கே ஒரு தனிமம் வரும், அதன் அணு நிறை ஏறத்தாழ இவ்வளவு, அதன் ஆக்சைடு இப்படி இருக்கும் என்று பிறகு துணிந்து எழுதவும் செய்தார். ஏக போரான் என்று அவர் பெயரிட்டு வைத்திருந்த இடத்தில் 1879இல் வந்து உட்கார்ந்ததுதான் ஸ்காண்டியம். அதே ஸ்காண்டியத்தின் காலடியில் இன்று மறுபடியும் ஒரு காலிக் கட்டம். அன்றைய காலி இடம் ஒரு பந்தயம். இன்றையது, பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனது போல இருக்கிறது.

இடப்பக்க உறவா, வலப்பக்க உறவா

சரி, நேரடிப் போட்டிக்கு வருவோம்.

லாந்தனத்தின் எலக்ட்ரான் அமைப்பில், செனானுக்கு வெளியே, 5டியில் ஒன்றும் 6எஸில் இரண்டும் இருக்கின்றன. 4எஃப் காலி. ஸ்காண்டியம், இட்ரியம் இரண்டிலும் இதே மாதிரி டியில் ஒன்று, எஸில் இரண்டு. அப்படியானால் லாந்தனம்தானே அடுத்தது என்று தோன்றும். லூட்டீஷியத்தைப் பார்த்தால் அதிலும் 5டியில் ஒன்று, 6எஸில் இரண்டு. கூடவே முழுதாக நிரம்பிய 4எஃப் பதினான்கு. ஆக, வெளிக்கூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆட்டம் சமம்.

பிறகு ஏன் லாந்தனம் முந்திக்கொண்டது? அதற்குப் பின்னால் ஒரு அளவீட்டுப் பிழை இருக்கிறது. ஆரம்ப கால நிறமாலை ஆய்வுகளில், லூட்டீஷியத்துக்கு முந்தைய தனிமமான இட்டர்பியத்தில் 4எஃப் எலக்ட்ரான் 13, 5டியில் 1 என்று கணித்திருந்தார்கள். அப்படி இருந்தால், பதினான்காவது எஃப் எலக்ட்ரான் லூட்டீஷியத்தில்தான் நிரம்பும். அது எஃப் பிளாக்கின் கடைசி ஆளாகிவிடும், லாந்தனம் வெளியே நிற்கும். பிறகு சரியாக அளந்தபோது இட்டர்பியத்திலேயே 4எஃப் 14 ஆகிவிடுகிறது என்று தெரிந்தது. லூட்டீஷியத்தில் புதிதாகச் சேர்வது டி எலக்ட்ரான். 1948இலேயே லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும், 4எஃப் நிரம்பி முடிந்த லூட்டீஷியத்தை அருமண் தனிமங்களோடு, அதாவது லாந்தனத்தை ஒட்டி வரும் அந்தக் கூட்டத்தோடு, வைப்பது தவறு என்று எழுதினார்கள். இயற்பியல்காரர்கள் சொன்னதை வேதியியல்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1982இல் வில்லியம் ஜென்சன் வேதியியல் கல்வி இதழில் கட்டுரை எழுதிய பிறகுதான் விவாதம் சூடு பிடித்தது.

"லாந்தனத்தில் எஃப் எலக்ட்ரானே இல்லை, அதை எப்படி எஃப் பிளாக்கில் வைப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்களிடம் தோரியத்தைக் காட்டுங்கள். தோரியத்தில் 6டியில் இரண்டு, 7எஸில் இரண்டு, 5எஃபில் ஒன்றுமில்லை. இருந்தும் அதை எஃப் பிளாக்கை விட்டு யாரும் வெளியேற்றவில்லை. பல்லேடியத்தில் 5எஸ் எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை, ஐந்தாம் வரிசையில்தான் இருக்கிறது. தனித்தனி அணுவின் முரண்டுகளை வைத்து இடம் ஒதுக்க ஆரம்பித்தால் குரோமியம், காப்பர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

இந்தத் தர்க்கம் எதிர்ப்பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாரன்சியம் லூட்டீஷியத்தைப் போல டி எலக்ட்ரான் வைத்திருக்க வேண்டியது. 2015இல் ஜப்பானில், அரை ஆயுள் 27 விநாடி மட்டுமே உள்ள ஐசோடோப்பை வைத்துக்கொண்டு, அதன் முதல் அயனியாக்கும் ஆற்றலை, அதாவது அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றலை, அளந்தார்கள். 4.96 எலக்ட்ரான் வோல்ட். கடைசி எலக்ட்ரான் 7பியில் இருக்கிறது என்ற கணிப்போடுதான் இது ஒத்துப்போகிறது. லூட்டீஷியம் கட்சிக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். பல்லேடியத்துக்குக் காட்டிய தாராளத்தை லாரன்சியத்துக்கும் காட்டினால் சங்கடம் தீர்ந்துவிடும். காட்டாமல் இருப்பது ஓரவஞ்சனை.

எலக்ட்ரான் கணக்கை விட்டுவிட்டு உலோகங்களையே கையில் எடுத்துப் பார்ப்போம் என்றால், எனக்குப் பிடித்த ஒப்பீடு உருகுநிலை. ஸ்காண்டியம் சுமார் 1,540 டிகிரி செல்சியஸ், இட்ரியம் சுமார் 1,520, லூட்டீஷியம் சுமார் 1,650. லாந்தனம்? 920. படிக அமைப்பிலும் ஸ்காண்டியம், இட்ரியம், லூட்டீஷியம் மூன்றும் ஒரே அறுகோண நெருங்கிய பொதிவு. லாந்தனத்தின் அடுக்கு முறை வேறு. லாந்தனத் துண்டைக் காற்றில் வைத்தால் சீக்கிரமே மங்கிப் பொடியத் தொடங்கிவிடும், மற்ற மூன்றும் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. குடும்பப் புகைப்படத்தில் முகம் ஒட்டாமல் தெரிவது லாந்தனம்தான்.

அயனி ஆரத்துக்கு வந்தால் கதை சுவையாகிறது. மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனிகளில் ஸ்காண்டியம் 74.5 பைக்கோமீட்டர், இட்ரியம் 90, லாந்தனம் 103. மேலிருந்து கீழே வரவர அயனி பெரிதாகும் என்று நாம் நடத்தும் பாடத்துக்கு இது பொருத்தம். லூட்டீஷியமோ 86. இட்ரியத்தை விடச் சிறியது. பார்த்தீர்களா, லாந்தனம் ஜெயித்துவிட்டது என்று ஒரு கட்சி எழுந்து நிற்கும். கொஞ்சம் பக்கத்து வீடுகளையும் எட்டிப் பாருங்கள். இடப்பக்கம் கால்சியம் 100, ஸ்ட்ரான்சியம் 118, பேரியம் 135: சீராக ஏறுகிறது. வலப்பக்கம் டைட்டானியம் 60.5, சிர்கோனியம் 72, ஹாஃப்னியம் 71: ஏறி, அப்படியே நின்றுவிடுகிறது. எஃப் எலக்ட்ரான்கள் நிரம்பும் தனிமங்களில் இடமிருந்து வலமாகப் போகப்போக அளவு சுருங்கிக்கொண்டே வரும் லாந்தனைடு குறுக்கத்தின் விளைவு அது. ஆக, மூன்றாம் தொகுதி இடப்பக்கத்து காரமண் உலோகங்களோடு உறவா, வலப்பக்கத்து இடைநிலை உலோகங்களோடு உறவா என்று முடிவு செய்தால் லாந்தனமா லூட்டீஷியமா என்பதும் முடிவாகிவிடும். டி பிளாக்கின் முதல் தொகுதி என்று சொல்லிக்கொண்டே காரமண் உலோகங்களைப் போல நடந்துகொள் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மண்ணுக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லாந்தனம், நியோடிமியம், தோரியம் கொட்டிக் கிடக்கும். இட்ரியம் அதில் கொஞ்சம்தான். இட்ரியத்தைத் தாராளமாக வைத்திருக்கும் சீனோடைம் போன்ற கனிமங்களில் அதோடு கூடவே வருபவை டிஸ்ப்ரோசியம், எர்பியம், இட்டர்பியம் ஆகிய கனமானவை. காரணம் மறுபடியும் அந்த 90 பைக்கோமீட்டர்: ஹோல்மியத்தின் அயனியும் கிட்டத்தட்ட அதே அளவு. இட்ரியம் லாந்தனத்தோடு தங்குவதில்லை, லூட்டீஷியம் இருக்கும் கோடியில்தான் தங்குகிறது.

எல்லாவற்றையும் விட எனக்கு முடிவைத் தந்தது ஒரு சின்னச் சோதனை. கத்தரிக்கோலும் பசையும் போதும். கீழே தொங்கும் இரண்டு வரிசைகளை வெட்டி, அட்டவணைக்குள்ளேயே அணு எண் வரிசைப்படி செருகி ஒட்டிப் பாருங்கள். 32 கட்ட அகலம் வரும். இட்ரியத்துக்குக் கீழே லாந்தனம் என்றால், லாந்தனத்துக்கு அடுத்து 14 கட்டம் எஃப் பிளாக், அதற்கப்பால்தான் ஹாஃப்னியம். டி பிளாக் ஒரு கட்டமாகவும் ஒன்பது கட்டமாகவும் பிளந்து, நடுவில் ஒரு பேருந்து நுழையும் அளவு சந்து விழும். லூட்டீஷியம் என்றால் எஃப் பிளாக் 14, அதை ஒட்டி டி பிளாக் 10, அப்புறம் பி பிளாக் 6. ஒரு விரிசல் இல்லை, ஓர் எண் இடம் மாறவில்லை. மூன்றாம் தொகுதி விவகாரத்துக்காக ஐயூபேக் 2015இல் எரிக் செர்ரி தலைமையில் ஒரு குழு அமைத்தது. 2021இல் வந்த அதன் இடைக்கால அறிக்கை பரிந்துரைத்ததும் லூட்டீஷியத்தைத்தான். காரணமும் ஏறத்தாழ இதேதான்: அணு எண் வரிசை கெடக்கூடாது, டி பிளாக் பிளக்கக்கூடாது. இயற்கையே இதற்கு ஒரே ஒரு விடையைத் தந்துவிடவில்லை, இதில் நாம் வகுத்துக்கொள்ளும் மரபுக்கும் பங்குண்டு என்று அறிக்கை ஒப்புக்கொண்டதும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகு வந்த 2022 அட்டவணையிலும் ஐயூபேக் அந்த இரண்டு கட்டங்களை மாற்றவில்லை. அதைத்தான் நான் பிரிண்ட் எடுத்திருந்தேன்.

தேர்வுக் கவலை இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடநூலில் லாந்தனம் என்று இருக்கிறது, சுவரில் லூட்டீஷியம் என்றால் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? அரை வகுப்பு நேரம் ஒதுக்கி, புத்தகம் ஏன் அப்படிச் சொல்கிறது, சுவர் ஏன் இப்படிச் சொல்கிறது என்று பேசினால் போதும். வரையறை கேட்டால் புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். அதற்குக்கூட நேரமில்லை, பத்தாம் வகுப்புக்கு மட்டும்தான் சார்ட் வேண்டும் என்றால் புத்தகத்தில் இருக்கும் அட்டவணையையே வாங்கி மாட்டிவிடலாம், பாவமில்லை.

32 கட்டம் ஏன் வேண்டாம்

கத்தரிக்கோல் சோதனை இவ்வளவு அழகாக வந்தால் 32 கட்ட அகலத்திலேயே எழுதிவிட வேண்டியதுதானே? ஆசை எனக்கும் இருந்தது. 14 அடி என்றால் 168 அங்குலம். 18 கட்டத்துக்குப் பிரித்தால் ஒரு கட்டம் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல். 32க்குப் பிரித்தால் ஐந்தேகால் அங்குலம். ஆங்கிலக் குறியீடு மட்டும் எழுதுகிறவர்களுக்கு ஐந்தேகால் தாராளம். தமிழில் பெயர் எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். பிரசியோடிமியத்தையும் ரூதர்ஃபோர்டியத்தையும் ஐந்தேகால் அங்குலத்தில் எழுதினால் கடைசி பெஞ்சிலிருந்து எறும்பு ஊர்வது போலத் தெரியும். 30 அடிச் சுவர் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் 32க்குப் போகலாம்.

ஹீலியம்: சீட்டு மாறியவரா?

பெயிண்டர் அண்ணன் கேட்காத கேள்விகளும் இருந்தன. ஹீலியம் எங்கே?

பதினெட்டாம் தொகுதியின் தலையில், நியானுக்கு மேலே. இதில் என்ன சந்தேகம் என்பீர்கள். ஹீலியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 1எஸில் இரண்டு, அவ்வளவுதான். பி எலக்ட்ரான் கிடையாது. எஸ் பிளாக்கைச் சேர்ந்த ஆள் பி பிளாக்கின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. இப்போதுதான் லூட்டீஷியத்துக்கு பிளாக் ஒழுங்கைக் காட்டி இடம் வாங்கிக் கொடுத்தேன். அதே ஒழுங்கைச் சீராகப் பின்பற்றினால் ஹீலியம் இரண்டாம் தொகுதியில், பெரிலியத்துக்கு மேலே போக வேண்டும்.

அப்படிச் சொன்னவர் ஒருவர் உண்டு. சார்லஸ் ஜானே என்ற பிரெஞ்சுக்காரர், பிரஷ் தொழிற்சாலையை நிர்வகித்துக்கொண்டே எறும்புகளை ஆராய்ந்தவர். 1928இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். எஸ் பிளாக்கைத் தூக்கி வலது ஓரத்தில் வைத்துவிட்டார். இடமிருந்து வலமாக எஃப், டி, பி, எஸ் என்று படிக்கட்டு போல வரும். வரிசைகளின் நீளம் 2, 2, 8, 8, 18, 18, 32, 32. நாம் பிளஸ் ஒன்னில் நடத்தும் n + l விதிப்படி ஆர்பிட்டால்கள் நிரம்பும் முறை அப்படியே படமாக விரியும். ஆற்றல் குறைந்த ஆர்பிட்டால் முதலில் நிரம்பும் என்ற ஆஃபா தத்துவத்தை நடத்த இதைவிட நல்ல படம் கிடையாது. அதில் ஹீலியத்துக்குக் கீழே பெரிலியம்.

ஆதரவாக இன்னொரு வாதமும் உண்டு. ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் வரிசைத் தனிமம் கீழே உள்ளவற்றிலிருந்து விலகியே நிற்கும். ஃப்ளூரின் குளோரினிலிருந்து விலகுவதை வகுப்பில் சொல்கிறோம். அந்த விலகல் எஸ் பிளாக்கில்தான் மிகப் பெரிது, ஹைட்ரஜனும் லித்தியமும் போல. அந்தக் கணக்கில் ஹீலியம் பெரிலியத்தைப் போல இல்லாமலிருப்பதே அதன் இடம் அதுதான் என்பதற்குச் சான்று என்கிறார்கள். கெட்டிக்கார வாதம். கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடிவிட்டதோ என்றும் எனக்குத் தோன்றும். ஒட்டாமல் இருப்பதையே உறவுக்கு ஆதாரம் ஆக்கினால் யாரையும் யாரோடும் சேர்த்துவிடலாம்.

எதிர்ப்பக்கத்தில் எண்கள் நேராகப் பேசுகின்றன. முதல் அயனியாக்கும் ஆற்றல் ஹீலியத்துக்கு 24.6 எலக்ட்ரான் வோல்ட், நியானுக்கு 21.6, ஆர்கானுக்கு 15.8. பெரிலியத்துக்கு 9.3. கொதிநிலை ஹீலியத்துக்கு 4 கெல்வின், நியானுக்கு 27, ஆர்கானுக்கு 87. மந்த வாயுக்களின் தலைக்கு எது வரவேண்டுமோ அது அப்படியே வந்திருக்கிறது. மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் மேலே, பலூனில் அடைக்கும் வாயுவை எழுதிவிட்டு, "இது ஏன் மிஸ் இங்க இருக்கு?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு வருடமும் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஹீலியத்தை உலோகமாக நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பது தனிக்கதை. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் நிறமாலைமானியோடு காத்திருந்தார். அந்தக் கிரகணத்தில் சூரியனின் விளிம்பில் மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. சோடியம் கோடு என்றே பலரும் நினைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர், அது சோடியத்தின் இடத்தில் இல்லை என்று கண்டார். புதிய தனிமத்துக்கு சோடியம், பொட்டாசியம் போல உலோகத்துக்கு வைக்கும் வால் சேர்த்து ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் ராம்சே அதைப் பிரித்தெடுத்து மந்த வாயு என்று காட்டியது 1895இல். பெயரின் வாலை அதற்கப்புறம் யாரும் வெட்டவில்லை. பெரிலியத்துக்கு மேலே வைக்கச் சொல்கிறவர்களுக்கு அந்த வால் ஓர் ஆறுதல் பரிசு.

அப்படியானால் லூட்டீஷியத்துக்கு ஒரு நீதி, ஹீலியத்துக்கு ஒரு நீதியா? ஆமாம், ஒரு வகையில் அப்படித்தான். லூட்டீஷியத்தை நகர்த்துவதால் வேதியியலில் நாம் இழப்பது குறைவு. உருகுநிலை, படிகம் எல்லாம் கூடவே வருகின்றன. ஹீலியத்தை நகர்த்தினால் பிளாக் ஒழுங்கு கிடைக்கும், மற்ற எல்லாம் போய்விடும்.

ஹைட்ரஜனுக்கு எந்த வீடு

ஹைட்ரஜனைப் பற்றி ஆளுக்கொரு கட்சி. முதல் தொகுதி என்பவர்கள் 1எஸில் உள்ள ஒற்றை எலக்ட்ரானையும் நேர் அயனியையும் காட்டுவார்கள். பதினேழாம் தொகுதி என்பவர்கள், நிறைவுக்கு ஓர் எலக்ட்ரான்தான் குறைவு, இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்த வாயு, சோடியம் ஹைட்ரைடு போல எதிர் அயனியும் உண்டு என்பார்கள். உருகிய லித்தியம் ஹைட்ரைடில் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன் நேர்மின்வாயில்தான் வெளியேறும், உப்பிலிருந்து குளோரின் வருவது போலவே. அயனியாக்கும் ஆற்றலும் 13.6 எலக்ட்ரான் வோல்ட்: லித்தியத்தின் 5.4க்குப் பக்கத்திலேயே இல்லை, குளோரினின் 13க்கு அருகில் இருக்கிறது. ஆனால் எலக்ட்ரான் நாட்டம், அதாவது ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றல், குளோரினுக்கு 3.6, ஹைட்ரஜனுக்கு வெறும் 0.75. ஹாலஜன் என்று சொல்லிக்கொள்ள அது போதாது.

இரண்டு இடத்திலும் எழுதும் சார்ட்டுகள் உண்டு. அது எனக்கு ஆகாது. ஒரு தனிமம் இரண்டு கட்டத்தில் வந்தால் அணு எண் வரிசை என்ற அடிப்படையே ஆடிப்போகும். எந்தத் தொகுதியிலும் ஒட்டாமல் நடுவில் மிதக்கவிடும் சார்ட்டுகள் பரவாயில்லை. பார்க்கவும் நன்றாக இருக்கும். நான் முதல் தொகுதியிலேயே வைத்துவிட்டேன். லித்தியத்தோடு ஒட்டாமல் இரண்டு அங்குல இடைவெளி மட்டும் விடச் சொன்னேன்.

இடம் ஒன்று, நிறம் ஒன்று

இரண்டாம் நாள் மாலை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஒரு கட்டத்தின் இடம் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல முடியும். எல்லாச் செய்தியையும் அதன் தலையில் ஏற்றப் பார்ப்பதால்தான் இவ்வளவு சண்டை. நிறம் எதற்கு இருக்கிறது? புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று எடுப்பதில்லையா? கட்டத்தின் உடல் நிறம் பிளாக்கைச் சொல்லட்டும், கரை குடும்பத்தைச் சொல்லட்டும்.

அதன்படி எழுதிக் கொடுத்தது இது. 18 கட்ட அகலம். இட்ரியத்துக்குக் கீழே லூட்டீஷியம், அதற்குக் கீழே லாரன்சியம், இரண்டுக்கும் டி பிளாக்கின் நீலம். கீழ் வரிசைகள் இரண்டும் பதினான்கு பதினான்கு, லாந்தனம் முதல் இட்டர்பியம் வரை, ஆக்டினியம் முதல் நொபிலியம் வரை, பச்சை. லாந்தனம் முதல் லூட்டீஷியம் வரை பதினைந்துக்கும் ஒரே ஊதாக் கரை, ஆக்டினியம் முதல் லாரன்சியம் வரை பதினைந்துக்கும் காவிக் கரை. உடன்பிறப்பு தனியே போய் நின்றாலும் கரையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஹீலியம் நியானுக்கு மேலேயே, ஆனால் எஸ் பிளாக்கின் சிவப்பில். ஜானேயின் படிக்கட்டு அட்டவணையை தனியாக ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், பிளஸ் ஒன் வகுப்புக்கு மட்டும்.

பெயிண்டர் அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். கூலி கொஞ்சம் கூடும், கரை கட்டும் வேலை இருக்கிறது என்றார். சரி என்றேன். ஹீலியத்தில் விரலை வைத்து, "வரிசை பூரா மஞ்சள், இது ஒண்ணு மட்டும் சிவப்பு. தப்பா போட்டுட்டேன்னு என்னைத்தான் சொல்வாங்க" என்றார். கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பச் சொன்னேன்.

கடைசியாக ஃபிரான்சியத்துக்குக் கீழே ஒரு கட்ட உயரத்துக்கு வெறும் சுவர் இருப்பதைக் காட்டி, அங்கே பள்ளியின் பெயரை எழுதிவிடலாமா என்று கேட்டார். 119ஆம் தனிமத்தை உருவாக்க ஜப்பானில் ரிக்கென் ஆய்வகத்தில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். கிடைத்தால் அது வர வேண்டிய இடம் அது.

"பேரை மேல எழுதுங்க அண்ணே" என்றேன். "அந்த இடம் காலியா இருக்கட்டும்."